பின்வீட்டு டிபி போர்டில் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முறுக்கலாமா?

சாட்ஸ்வர்த் வாசி:

எல்லோருக்கும் வணக்கம். டர்பனில் சாட்ஸ்வர்த், 1960களில் நகராட்சி கட்டிக் கொடுத்த ஒட்டு வீடு எங்களுடையது. பின்னால் அப்பா காலத்தில் எழுப்பிய அவுட்பில்டிங் ஒன்று இருக்கிறது, அதில் அத்தை தனியாக இருக்கிறார். முன்வீட்டிலிருந்து அங்கே சிவப்பும் கறுப்புமாக இரண்டே கம்பிதான் குழாய் வழியாகப் போகிறது. எர்த்துக்கென்று வெளியே தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு ராடு அடித்திருக்கிறார்கள், அதிலிருந்து ஒரு பச்சைக் கம்பி சின்ன டிபி போர்டுக்கு (பிரேக்கர்கள் இருக்கும் பெட்டி) வருகிறது. நேற்று போய்ப் பார்த்தேன். கிளாம்ப் முழுக்கப் பச்சையாய்ப் பூத்துக் கிடக்கிறது, கம்பியை விரலால் தொட்டால் ஆடுகிறது.

2023இல் லோட்ஷெடிங் (முறை வைத்துக் கரண்டை நிறுத்துவது) உச்சத்தில் இருந்தபோது ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வைத்தோம். பின்வீட்டு லைனையும் இன்வெர்ட்டர் பக்கத்து டிபியில்தான் கொடுத்திருக்கிறது.

இப்போது இரண்டு தொல்லை. அத்தை ஈரக் கையோடு வாஷிங் மெஷினைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்கிறார், கரண்ட் இருக்கும்போதும் அப்படித்தான். அது தவிர, நகராட்சி கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது முன்வீட்டிலேயே சாக்கெட் டெஸ்டர் எர்த் இல்லை என்று காட்டுகிறது. மீட்டர் வைத்துப் பார்த்தால் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் 108 வோல்ட். கரண்ட் வந்ததும் அதே இடத்தில் 1 வோல்ட்தான். போட்டவருக்கு போன் செய்தால் எடுப்பதே இல்லை.

அமெரிக்காவில் இருக்கும் மச்சான் ஒரு வீடியோ அனுப்பினார். அதில் பேனலுக்குள் ஒரு பச்சை ஸ்க்ரூவை முறுக்கி நியூட்ரல் பாரையும் பெட்டியையும் ஒன்றாக்குகிறார்கள், இது இல்லாவிட்டால் பிரேக்கர் விழாது என்றும் சொல்கிறார்கள். பின்வீட்டு டிபியில் நியூட்ரல் பாரும் எர்த் பாரும் தனித்தனியாக இருக்கின்றன. ஒரு துண்டுக் கம்பி போட்டு இரண்டையும் சேர்த்துவிட்டால் இரண்டு தொல்லையும் தீருமா? எர்த் லீக்கேஜின் (கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) டெஸ்ட் பட்டனை அழுத்தினால் இன்வெர்ட்டரில் ஓடும்போதும் ஒழுங்காக விழுகிறது, அதனால் பெரிய ஆபத்து இல்லை என்று நினைக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஃபீனிக்ஸ் வயர்மேன்:

தம்பி, சேர்க்காதீர்கள். அதற்கு முன்னால் ஒரு வேலை, இதைப் படித்த கையோடு போய் அந்த வாஷிங் மெஷினை பிளக்கிலிருந்து பிடுங்கி வையுங்கள். அத்தையிடம் அதைத் தொடவே வேண்டாம் என்று சொல்லுங்கள். கிளாம்பில் ஆடுகிற கம்பி என்றால் அந்த வீட்டுக்கு எர்த் கிடையாது என்றுதான் அர்த்தம். மெஷினுக்குள் இருக்கும் ஃபில்டர் கபாசிட்டர் வழியாகக் கசியும் கொஞ்சம் கரண்ட் போக இடமில்லாமல் தகரத்திலேயே நிற்கிறது, அதுதான் அந்தச் சுருக். இன்றைக்கு வெறும் சுருக். நாளைக்கு ஹீட்டர் எலிமென்ட் பழுதாகி லைவ் தகரத்தில் பட்டால் முழு 230 வோல்ட்டும் அதில் நிற்கும்.

இனி உங்கள் கேள்வி. ராடு நல்ல நிலையில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம், நம் பக்கத்து மண்ணில் 50 ஓம் வந்தாலே பரவாயில்லை என்பேன். லைவ் தகரத்தில் பட்டால் 230ஐ 50ஆல் வகுத்து 4.6 ஆம்பியர்தான் ஓடும். 20 ஆம்பியர் பிரேக்கர் அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது, கெட்டிலுக்கே 8 ஆம்பியருக்கு மேல் போகிறதே. பிரேக்கர் உடனே விழ வேண்டுமானால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய வேண்டும், அது மண் வழியாக வராது. பழுதுக் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்பிப் போக செம்புக் கம்பியில் வழி வேண்டும். நியூட்ரலும் எர்த்தும் ஏதோ ஓரிடத்தில் சேர்ந்திருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான், அதுவரைக்கும் உங்கள் மச்சான் சொன்னது சரி.

எந்த இடத்தில் என்பதில்தான் தவறு. நம் ஊரில் அந்தச் சேர்க்கை உங்கள் டிபிக்கு வருவதற்கு முன்பே சப்ளை பக்கத்தில் முடிந்துவிடுகிறது. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் ஏர்டாக் கேபிளை வெட்டிப் பார்த்தால் தெரியும். நடுவில் லைவ், அதைச் சுற்றி ஒரு பக்கம் உறை போட்ட நியூட்ரல் இழைகள், இன்னொரு பக்கம் வெறும் செம்பு எர்த் இழைகள். இரண்டும் பிரிந்துதான் உள்ளே வருகின்றன. பிரிந்து வந்ததை வீட்டுக்குள் எங்கேயும் மறுபடி சேர்க்கக் கூடாது, நம் நாட்டு வயரிங் தரவிதியான எஸ்ஏஎன்எஸ் 10142-1 இதைத் தெளிவாகவே சொல்கிறது.

சேர்த்தால் என்ன ஆகும் என்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது வந்து ஒன்றும் ஆகாது என்பார்கள். பின்வீட்டில் கெட்டில் போடுகிறீர்கள், அந்த நீளக் கறுப்புக் கம்பியில் 2 வோல்ட் இறங்குகிறது. அதே 2 வோல்ட் ராடின் மேலும் விழும், 50 ஓம் என்றால் 40 மில்லி ஆம்பியர் மண்ணுக்குள் போய்விடும். எர்த் லீக்கேஜ் 30இல் விழுந்தாக வேண்டிய சாமான். லைவில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்று பார்ப்பது மட்டுமே அதன் வேலை. சமமில்லை என்றதும் விழும். தினமும் விழும். நாலு நாள் பொறுத்துப் பார்ப்பீர்கள், அப்புறம் யாராவது வந்து எர்த் லீக்கேஜையே தாண்டி வயரை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போவார். இப்படிக் கிடக்கும் போர்டுகளை ஃபீனிக்ஸிலும் சாட்ஸ்வர்த்திலும் நான் நிறையப் பார்க்கிறேன், எனக்கு வயிறு எரிவது அங்கேதான்.

பின்வீட்டுக்குச் சரியான வழி ஒன்றுதான். முன்வீட்டு எர்த் பாரிலிருந்து முறையான எர்த் கம்பி போக வேண்டும். குழாயில் இடம் இருந்தால் பச்சை-மஞ்சள் கம்பி ஒன்றை இழுக்கலாம், இல்லாவிட்டால் எர்த்தோடு வரும் ஆர்மர்ட் கேபிளைப் புதைத்து இரண்டு முனையிலும் கிளாண்ட் போட்டுக் கட்ட வேண்டும். ராடு அதன் பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும், அதை நம்பி இருக்க வேண்டாம்.

இன்வெர்ட்டர் கதை வேறு. இரவு எழுதுகிறேன், இப்போது வேலைக்குப் போக வேண்டும்.


பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாத்தியார்:

அந்த அமெரிக்க வீடியோவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். டெக்னிக்கல் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன், பையன்களும் இதே வீடியோக்களைப் பார்த்துவிட்டு இதே கேள்வியோடுதான் வருகிறார்கள்.

அந்த வீடியோ அந்த ஊருக்குச் சரி. அங்கே கம்பத்திலிருந்து வீட்டுக்குத் தனி எர்த் கம்பி வராது. இரண்டு லைவ், நடுவில் ஒரு நியூட்ரல், அவ்வளவுதான் வருகிறது. லைவுக்கும் நியூட்ரலுக்கும் 120 வோல்ட், இரண்டு லைவுக்கும் நடுவில் 240. எர்த் என்ற ஒன்று வீட்டின் முதல் மெயின் சுவிட்ச் இருக்கும் பெட்டியில்தான் பிறக்கிறது. சர்வீஸ் எக்விப்மென்ட் என்று அவர்கள் சொல்வது அந்தப் பெட்டியை. நியூட்ரல் பாரையும் தகரப் பெட்டியையும் எர்த் கம்பிகளையும் அங்கே ஒன்றாக்குவார்கள், வீடியோவில் வந்த பச்சை ஸ்க்ரூ அதற்குத்தான். அதைப் போடாவிட்டால் லைவ் தகரத்தில் பட்டாலும் திரும்பிப் போகச் செம்பு வழி இல்லாமல் பிரேக்கர் சும்மா இருக்கும்.

ஆனால் அதே வீட்டில் அடுத்த பெட்டிக்குப் போனால், கராஜிலோ தோட்டத்து அறையிலோ, அந்த ஸ்க்ரூவைக் கழற்றிவிட வேண்டும் என்பதும் அவர்கள் விதிதான். நியூட்ரல் பார் பெட்டியைத் தொடாமல் தனியாக நிற்க வேண்டும், எர்த் கம்பிகளுக்குத் தனி பார். தனிக் கட்டடங்களுக்கு எர்த் கம்பி இல்லாமல் மூன்று கம்பி மட்டும் இழுத்து, அந்தப் பக்கம் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்ப்பதை அவர்கள் சில நிபந்தனைகளோடு நெடுநாள் அனுமதித்து வந்தார்கள். 2008 பதிப்பு நேஷனல் எலெக்ட்ரிகல் கோட் புது வேலைகளுக்கு அதையும் நிறுத்திவிட்டது. உங்கள் பின்வீட்டில் செய்யலாமா என்று கேட்கிறீர்களே, அது அமெரிக்காவிலேயே இன்று செல்லாத வேலை. வீடியோவில் வந்தது முதல் பெட்டி, உங்கள் பின்வீட்டு டிபி இரண்டாவது பெட்டி. மச்சானிடம் இதைச் சொல்லுங்கள், அவர் கராஜிலும் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

இரண்டு ஊருக்கும் பொதுவானது இதுதான்: ஒரு சப்ளைக்கு நியூட்ரல்-எர்த் சேர்க்கை ஒரே இடத்தில். அங்கே வீட்டின் முதல் பெட்டியில் செய்கிறார்கள், இங்கே வீட்டுக்கு வரும் முன்பே செய்துவிடுகிறார்கள்.


ஐசிப்பிங்கோ சோலார்:

எல்லாரும் பயமுறுத்துகிறீர்கள். என் வீட்டில் இன்வெர்ட்டர் அவுட்புட்டிலேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு கம்பியால் நிரந்தரமாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். சாக்கெட் டெஸ்டர் எப்போதும் பச்சைதான் காட்டுகிறது, இதுவரை ஒன்றும் விழுந்ததில்லை. இன்வெர்ட்டருக்கு அது தேவை என்று தயாரித்தவர்களே சொல்கிறார்கள்.


ஃபீனிக்ஸ் வயர்மேன்:

ஐசிப்பிங்கோ அண்ணா, பாதிதான் சரி. இன்வெர்ட்டர் தனியாக ஓடும்போது அந்தச் சேர்க்கை தேவை. கரண்ட் இருக்கும்போது அது இருக்கவே கூடாது. ஏற்கெனவே சப்ளை பக்கம் ஒன்று இருக்கிறது, உங்களுடையது இரண்டாவது. ஒன்றும் விழவில்லை என்றால் உங்கள் இன்வெர்ட்டருக்குப் போகும் லைன் மெயின் எர்த் லீக்கேஜுக்கு முன்பே எடுக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். நகராட்சி கரண்டில் ஓடும்போது கிளாம்ப் மீட்டரை இன்வெர்ட்டருக்குப் போகும் பச்சை-மஞ்சள் கம்பியைச் சுற்றி மாட்டுங்கள், யாரையாவது கெட்டிலைப் போடச் சொல்லுங்கள். சும்மா இருக்க வேண்டிய கம்பியில் ஆம்பியர் கணக்கில் கரண்ட் ஓடுவதைக் கண்ணால் பார்ப்பீர்கள். நியூட்ரலில் திரும்ப வேண்டியதில் ஒரு பங்கு அது. வீட்டில் இருக்கும் ஒவ்வொரு தகரமும் கீசர் குழாயும் அந்தக் கம்பியோடு சேர்ந்ததுதானே.

சாட்ஸ்வர்த் தம்பி, இப்போது உங்கள் 108 வோல்ட்டுக்கு வருகிறேன். கரண்ட் போனதும் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் நகராட்சி லைவை மட்டுமல்ல, நியூட்ரலையும் சேர்த்தே துண்டித்துக்கொள்கிறது. அப்படிச் செய்யத்தான் வேண்டும், இல்லாவிட்டால் கம்பத்தில் வேலை செய்பவருக்கு ஆபத்து. ஆனால் சப்ளை பக்கம் இருந்த அந்தச் சேர்க்கையும் அதோடு போய்விடுகிறது. உங்கள் வீட்டு நியூட்ரல் இப்போது எதோடும் ஒட்டாமல் மிதக்கிறது. வீட்டுச் சாமான்களின் ஃபில்டர் கபாசிட்டர்கள் லைவுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் சம அளவில் இருப்பதால் எர்த் நடுவில் போய் நிற்கிறது. 230இல் பாதி 115, மீட்டரில் அதை ஒட்டி ஒரு எண் வருகிறது.

இந்த நிலையில் லைவ் ஒரு தகரத்தில் பட்டால் பெரிதாக எதுவும் ஓடாது, எதுவும் விழாது, யாருக்கும் தெரியவும் தெரியாது. ஆனால் அந்த நொடியிலிருந்து நியூட்ரல் எர்த்துக்கு 230 வோல்ட் மேலே நிற்கும். மிதக்கிற சப்ளைதான் பாதுகாப்பு என்று சிலர் வாதாடுவார்கள், முதல் பழுது வரைக்கும் அது சரி. முதல் பழுது நடந்ததே தெரியாமல் போவதுதான் ஆபத்து.

டெஸ்ட் பட்டனை நம்பி நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்குத் திக்கென்றது. அந்தப் பட்டனுக்கும் எர்த்துக்கும் சம்பந்தமே இல்லை. எர்த் லீக்கேஜுக்குள் ஒரு வளையம் இருக்கிறது, லைவும் நியூட்ரலும் அதன் வழியாகப் போகின்றன. பட்டனை அழுத்தினால் உள்ளே ஒரு ரெசிஸ்டர் வளையத்துக்கு அந்தப் பக்கத்து லைவையும் இந்தப் பக்கத்து நியூட்ரலையும் இணைக்கிறது. வளையம் கணக்கில் வித்தியாசம் பார்க்கிறது, விழுகிறது. எர்த் கம்பியை மொத்தமாகப் பிடுங்கி எறிந்தாலும் பட்டன் வேலை செய்யும். சாமானின் உள் இயந்திரம் நன்றாக இருக்கிறது என்பதற்கு மட்டும் அது சாட்சி. மிதக்கும் நியூட்ரலில் பட்டனும் விழும், ஆளும் விழுவார்.

இதற்குத் தீர்வு, இன்வெர்ட்டர் தனியே ஓடும்போது மட்டும் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து, கரண்ட் வந்ததும் தானே பிரித்துவிடும் ரிலே. விக்ட்ரான் மல்டிபிளஸ் போன்றவற்றில் இது உள்ளேயே இருக்கிறது, அமைப்பில் செயல்பாட்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேறு பலவற்றில் இன்வெர்ட்டர் ஒரு சிக்னல் மட்டும் தரும், அதை வைத்து வெளியே ஒரு கான்டாக்டர் (பெரிய ரிலே) போட வேண்டும். உங்களுக்குப் போட்டவர் அதைப் போடாமலே போயிருக்கிறார் என்று நினைக்கிறேன். சேர்க்கும் இடம் இன்வெர்ட்டர் பக்கத்து டிபியின் எர்த் லீக்கேஜுக்கு முன்னால் இருக்க வேண்டும், பின்னால் போட்டால் மறுபடி அதே வம்பு.


மெரிபேங்க் அக்கா:

நான் எலெக்ட்ரீஷியன் இல்லை, ஆனால் நியூட்ரல் போனால் என்ன ஆகும் என்று எங்கள் தெருவுக்கே தெரியும். கேபிள் திருடர்கள் ஒரு ராத்திரி வந்து போனார்கள். விடியற்காலையில் எழுந்து பார்த்தால் எங்கள் வீட்டு விளக்கு மங்கலாக அழுதுகொண்டிருக்கிறது, எதிர் வீட்டில் கண் கூசும் வெளிச்சம். அவர்கள் டிவி, ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ் எல்லாம் போச்சு. நியூட்ரல் துண்டானால் வீடுகள் இரண்டு ஃபேஸுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும், 400 வோல்ட்டை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுக்கொள்ளும் என்று அப்புறம் வந்தவர் சொன்னார்.

என் கேள்வி இதுதான். அந்த மாதிரி நேரத்தில் டிபிக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து வைத்திருந்தால் நல்லதா, கெட்டதா? ராடு வழியாவது கரண்ட் திரும்பிப் போகுமே என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்கிறார்.


பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாத்தியார்:

கெட்டது அக்கா, ரொம்பக் கெட்டது. திரும்பிப் போகும், ஆனால் உங்கள் வீட்டுத் தகரங்களை எல்லாம் இழுத்துக்கொண்டு போகும். நியூட்ரல் வெளியே துண்டானதும் கெட்டில் வழியாக வந்த கரண்ட் நியூட்ரல் பாருக்கு வந்து நிற்கும். அங்கே எர்த் பாரோடு சேர்ப்பு இருந்தால் அந்த வோல்டேஜ் அப்படியே கீசர், அடுப்பு, வாஷிங் மெஷின், பாத்ரூம் குழாய் எல்லாவற்றுக்கும் ஏறும். மண்ணின் 50 ஓம் அதை இறக்கிவிடாது. இதில் எர்த் லீக்கேஜ் கை கொடுக்காது, சேர்ப்பு அதற்கு முன்னால் இருந்தால் அதன் கணக்கில் லைவும் நியூட்ரலும் சமமாகவே இருக்கும். சேர்க்காமல் இருந்தால் சாமான் போகலாம், ஆனால் தகரத்தில் அந்த வோல்டேஜ் ஏறாது.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், தெருவில் நியூட்ரலும் எர்த்தும் ஒரே கம்பியாக வரும் இடத்தில் அந்தக் கம்பியே துண்டானால் இதே ஆபத்து நீங்கள் எதுவும் செய்யாமலேயே வரலாம். விளக்கு திடீரென்று பளீரென்றோ மங்கலாகவோ மாறினால் தகரம் எதையும் தொடாமல் மெயின் சுவிட்சை இறக்குங்கள், நகராட்சிக்குச் சொல்லுங்கள்.


சாட்ஸ்வர்த் வாசி:

வாஷிங் மெஷினைக் கழற்றிவிட்டேன், அத்தை துணியை முன்வீட்டில் துவைத்துக்கொள்கிறார். எந்தக் கம்பியையும் சேர்க்கவில்லை. இன்வெர்ட்டர் மெனுவைப் பார்த்தேன், சிக்னல் ஐலண்ட் மோட் என்று ஒன்று இருக்கிறது, டிக் போடவில்லை. அந்த முனையில் வயரே இல்லை. வயர்மேன் அண்ணா சொன்னது இதுதானா? புது ஆளைக் கூப்பிடப் போகிறேன். வருபவரிடம் என்ன கேட்க வேண்டும், அவர் ஒழுங்காகச் செய்தாரா என்று எனக்கு எப்படித் தெரியும்?


ஃபீனிக்ஸ் வயர்மேன்:

அதேதான் தம்பி. டிக்கை மட்டும் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள், ரிலே இல்லாமல் அந்த முனை சும்மா உயிரோடு நிற்கும்.

வருபவர் பதிவு பெற்றவரா என்று முதலில் கேளுங்கள், அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், நல்லவர்கள் யாரும் கோபிக்க மாட்டார்கள். வேலை முடிந்ததும் சிஓசி (வேலை விதிப்படி இருக்கிறது என்ற சான்றிதழ்) தர வேண்டும், 2009 விதிகளின்படி இன்வெர்ட்டர் போட்டபோதே அந்த மாற்றத்துக்கு ஒன்று தந்திருக்க வேண்டும். அது உங்களிடம் இருக்கிறதா என்று தேடுங்கள். எஸ்ஏஎன்எஸ் 10142-1இல் மாற்று சப்ளைக்கென்று 7.12 என்ற பகுதி இருக்கிறது, அதன்படி சோதித்து எழுதித் தாருங்கள் என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.

நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியது, எர்த் லீக்கேஜை அவர் டெஸ்ட் பட்டனால் மட்டும் சோதித்துவிட்டுப் போகிறாரா என்பதை. மீட்டரை பிளக் பாயிண்டில் செருகி லைவிலிருந்து எர்த்துக்கு 30 மில்லி ஆம்பியர் விட்டு எத்தனை மில்லி செகண்டில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். 300க்குள் விழ வேண்டும். இதை நகராட்சி கரண்டில் ஒரு முறை, மெயினை இறக்கிவிட்டு இன்வெர்ட்டரில் ஒரு முறை, அப்புறம் பின்வீட்டு பிளக்கிலும் இரண்டு நிலையிலும் செய்யச் சொல்லுங்கள். லூப் டெஸ்டும் (பழுதுக் கரண்ட் திரும்பிப் போகும் வழியின் ஓம் அளவைப் பார்ப்பது) அங்கேயே. இன்வெர்ட்டரில் லூப் எண் நகராட்சி கரண்டில் வருவதிலிருந்து மாறித்தான் வரும், இன்வெர்ட்டரால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுக்க முடியாது. அந்த நேரத்தில் உங்களைக் காப்பது பிரேக்கரை விட எர்த் லீக்கேஜ்தான், அதனால்தான் அந்தச் சேர்க்கை இவ்வளவு முக்கியம்.

இன்னொன்று, போர்டைத் திறந்த கையோடு இன்வெர்ட்டர் பக்கத்து நியூட்ரல்களும் மற்ற நியூட்ரல்களும் ஒரே பாரில் கலந்திருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கறுப்புக் கம்பி தவறான பாரில் இருந்தாலும் ரிலே போட்ட பிறகு விழ ஆரம்பிக்கும், பழியை ரிலே மேல் போட்டு அதைக் கழற்றிவிடுவார்கள்.

பின்வீட்டுக் குழாய் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுதுங்கள், அதில் மூன்றாவது கம்பி நுழையுமா என்று சொல்கிறேன்.


சாட்ஸ்வர்த் வாசி:

குழாய் 20 மில்லிமீட்டர், ஆனால் நடுவில் இரண்டு வளைவு இருக்கிறது. புதன்கிழமை ஒருவர் வருகிறார், பதிவு அட்டையைப் படம் எடுத்து அனுப்பிவிட்டார். இரண்டு நிலையிலும் சோதித்து எழுதித் தருவதாகச் சொன்னார்.


ஃபீனிக்ஸ் வயர்மேன்:

இரண்டு வளைவு இருந்தால் பழைய கம்பிகளையும் உருவிவிட்டு மூன்றையும் சேர்த்துப் புதிதாக இழுக்கச் சொல்லுங்கள். அத்தனை வருடத்துக் கம்பிக்கு மேல் இன்னொன்றைத் திணித்தால் உள்ளே உறை கிழிந்துவிடும்.